கறுத்தத் தொப்பி

என்னுடைய தலைக்கவசம் சிவப்பு.
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
இன்பரூபனின் பாட்டில் அது கறுப்பு.
கற்சிலைமடுவில் ஒருநாள் மறித்துக் கேட்டேன்,
ஏனடாப்பா, கண் தெரியாதோ உனக்கு?
மண்வெட்டியைத் தோள் மாற்றிப் போட்டுச் சிரித்தான்.
"சிவப்பெண்டால் பாட்டுக்குள்ள நிக்காதண்ணை.
கறுப்புத்தான் கதவைத் தட்டும்."

வியாழக்கிழமைகளில் நான் போவேன்.
வாய்க்கால் வளைவில்
மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும்
சங்கக் கொட்டிலுக்குள் பன்னிரண்டு பெண்கள்
தொடங்குவார்கள்:

    வியாழன் வருகுது வியாழன் வருகுது
    வீதிப் புழுதி முன்னால வருகுது
    கறுத்தத் தொப்பி தட்டுது கனகம்
    கதவுக்குள்ள ஆருமில்லை எண்டு சொல்லு

    கோழியை வித்தன் குறையுது எண்டான்
    குஞ்சையும் எண்ணிக் கொப்பியில போட்டான்

நான் இறங்கும்வரை பாடி
இறங்கியதும் நிறுத்தி
ஒன்றும் நடவாததுபோல் காசை எண்ணித் தருவார்கள்.
ஒருத்திக்கு மட்டும் தோள் குலுங்கிக்கொண்டிருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை.
வவுனியாக் கிளைக்கு முறைப்பாடு எழுதத் தொடங்கினேன்.
"மேற்படி நபர் எமது நிறுவனத்தின் நற்பெயருக்கு"
அதற்குமேல் போகவில்லை.
பேனை அவனுடைய மெட்டில்
மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

மாரி தொடங்கிய கிழமை
ஒரு தகரக் கொட்டிலில் இரண்டுபேரும் மழைக்கு ஒதுங்கினோம்.
கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. அவன்தான் கேட்டான்,
"அண்ணைக்கு எவ்வளவு கடன்?"

பதினொரு வருடம் பிறத்தியாரின் கடனை எழுதுகிறேன்.
என்னை ஒருவரும் இதைக் கேட்டதில்லை.
சொன்னேன்.
இந்த வாகனத்தின் லீசிங் இருபத்தாறு மாதம்.
தங்கச்சியின் கலியாணத்துக்கு அடைவு வைத்த சங்கிலி.
வசூல் குறைந்த மாதம் சம்பளத்தில் வெட்டுவது.
அவன் முழங்காலில் விரலால் தட்டி
இருபத்தாறு, இருபத்தாறு என்று
வாய்க்குள் உருட்டிப் பார்த்தான்.
"அதையும் போடுறன். கொஞ்சம் பொறுங்கோ."

காலில் பித்தவெடிப்போடு வயலுக்குள் இறங்கியிருக்கிறான்.
காய்ச்சலுக்குப் பனடோல் போட்டுப் படுத்திருக்கிறான்.
கண் மஞ்சளான பிறகுதான் மாஞ்சோலை ஆஸ்பத்திரி.
எலிக்காய்ச்சல் என்றார்கள்.
பதின்நான்கு வயதில் பங்கருக்குள் கிடந்து
செல்லுக்குத் தப்பியவனை
முழங்கால் அளவு வயல்தண்ணீர் கொண்டுபோனது.
இருபத்தொன்பது வயது.
யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிய அம்புலன்ஸ்
மாங்குளம் சந்தி தாண்டவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன்.
தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தேன்.
ஒரு சின்னப் பெட்டை என் கையை, அந்தச் சிவப்பை,
நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்,
"அம்மா, கறுத்தத் தொப்பி மாமா."

பந்தலுக்குள் ஒரு மூலையில் அவனுடைய ஸ்பீக்கர் பெட்டி.
எங்களிடம் எடுத்த கடன். இன்னும் ஒன்பது தவணை.
மனைவி சுகந்தமலர் தலையை நிமிர்த்தாமல்
"அண்ணை, இந்த வியாழன் ஏலாது" என்றாள்.
காப்புறுதிப் படிவம் பையில்தான் இருந்தது.
அதை வெளியே எடுக்க
எனக்குக் கை வரவில்லை.

பிறகு வந்த வியாழன்களில்
வாய்க்கால் வளைவில் வேகத்தைக் குறைத்தேன்.
கோர்ன் அடித்தேன். வேண்டுமென்றுதான்.
கொட்டிலுக்குள் சத்தமில்லை.
பன்னிரண்டு பேரும் காசை எண்ணித் தந்தார்கள்.
ஒருத்தியின் தோளும் அசையவில்லை.
இப்படித் திட்டாமல் விடுவார்கள் என்று
நான் நினைத்திருக்கவில்லை.

ஒட்டுசுட்டான் பக்கம் திரும்புகிறபோது
தொப்பிக்குள் நானே பாடுகிறேன்.
கண்ணாடியில் மூச்சுப் படர்ந்து வீதி மறைகிறது.
கோழி வருகிறது, குஞ்சு வருகிறது,
பிறகு அவன் போடுகிறேன் என்ற இடம்.
இருபத்தாறை வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை.
இருபத்தைந்தும் நிற்கவில்லை.
மாதம் ஒன்று கழியக் கழிய எண்ணை மாற்றிப் பார்க்கிறேன்.
இப்போது பத்தொன்பது.